சிற்றுயிருக்கும் ஒரு பெயர்

1858ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள். லண்டனில் லின்னேயன் கழகத்தின் கூட்டம் நடைபெற்றது. தாவரங்களையும் விலங்குகளையும் ஆராயும் அறிஞர்கள் கூடும் சங்கம் அது. உயிரினங்கள் காலப்போக்கில் மாறிப் புதிய இனங்களாவது எப்படி என்பதை விளக்கும் எழுத்துகள் அன்று அங்கு வாசிக்கப்பட்டன. அவற்றை எழுதியவர்கள் இருவர். ஒருவர் சார்லஸ் டார்வின். மற்றவர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். அறிவியல் வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட அந்தக் கூட்டத்திற்கு இருவருமே வரவில்லை. டார்வின் தம் பச்சிளம் மகனைப் பறிகொடுத்த துயரத்தில் வீட்டில் இருந்தார். வாலஸுக்கோ அப்படியொரு கூட்டம் நடப்பதே தெரியாது. அவர் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், நியூகினித் தீவின் வடமேற்குக் கரையில் டோரே என்னும் சிற்றூரில் இருந்தார். அங்கே ஒரு குடிசையில் எறும்புகளோடு போராடிக்கொண்டிருந்தார்.

அந்தக் குடிசையில் வாலஸ் குடியேறியதும் சின்னஞ்சிறு கறுப்பு எறும்புகளும் குடியேறின. அவை கூரையில் தாள் போன்ற பொருளால் பெரிய கூடு கட்டின. தூண்கள்தோறும் மூடிய வழிகளை அமைத்துக்கொண்டன. அவர் மேசையில் அமர்ந்து பூச்சிகளைப் பதப்படுத்தும்போது, கண்ணெதிரிலேயே அவற்றை இழுத்துச் சென்றன. அட்டையில் பசையிட்டு ஒட்டிய பூச்சிகளைக்கூடப் பிய்த்து எடுத்தன. கையிலும் முகத்திலும் தலைமுடியிலும் ஊர்ந்தன. வழியில் தடை ஏற்பட்டால் சுருக்கென்று கடித்தன. இரவில் படுக்கையையும் விட்டுவைக்கவில்லை. டோரேயில் தங்கிய நாட்களில் வாலஸின் கணுக்காலில் புண் உண்டாகி, நடக்க முடியாமல் போயிற்று. காய்ச்சலும் வந்தது. அவருடைய உதவியாளர்களுள் ஒருவரான இளைஞர் நோயுற்று அங்கேயே இறந்தார்.

இத்தனைக்கும் நடுவில் வாலஸ் தம் வேலையை நிறுத்தவில்லை. பறவை, வண்டு, வண்ணத்துப்பூச்சி ஆகியவற்றோடு எறும்புகளையும் அவர் சேகரித்தார். எறும்பு அவருக்குப் பகையாகவும் இருந்தது. பாதுகாக்க வேண்டிய செல்வமாகவும் இருந்தது. இவ்வளவு சிறிய உயிருக்கு ஒருவர் ஏன் இத்தனை மதிப்புக் கொடுத்தார்? இதற்கான விடை அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது.

வாலஸ் 1823ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் வேல்ஸ் பகுதியில் உள்ள அஸ்க் என்னும் ஊருக்கு அருகில் பிறந்தார். பிள்ளைகள் பலர் இருந்த அக்குடும்பம் நாளடைவில் வறுமையில் வீழ்ந்தது. அதனால், 14 வயதில் அவர் பள்ளிப்படிப்பை விட வேண்டியதாயிற்று. பின்னர், அண்ணன் வில்லியமுடன் சேர்ந்து நில அளவைத் தொழிலில் ஈடுபட்டார். வயல், குன்று, ஓடை என்று நாள் முழுவதும் அளந்து திரியும் வேலை அது. எதையும் துல்லியமாக அளப்பதும், எந்த இடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் குறிப்பதும் அவருக்குப் பழக்கமாயின. வழியில் கண்ட செடிகளின் பெயர்களை அறியும் ஆவலும் அப்போதே பிறந்தது. மலிவான ஒரு தாவர நூலை வாங்கித் தாமாகவே படித்தார். பல்கலைக்கழக வாசலை மிதிக்காத அந்த இளைஞருக்குக் காடும் மேடும் வகுப்பறைகளாயின.

பின்னர் லெஸ்டர் நகரில் ஆசிரியராகப் பணியாற்றியபோது, ஹென்றி வால்டர் பேட்ஸ் என்னும் இளைஞருடன் வாலஸ் நட்புக் கொண்டார். பேட்ஸ் வண்டுகளைச் சேகரிப்பவர். ஒரே ஊரைச் சுற்றி நூற்றுக்கணக்கான வண்டு வகைகள் வாழ்கின்றன என்பதை அவரிடமிருந்து அறிந்து வாலஸ் வியந்தார். இவ்வளவு வகைகள் எப்படித் தோன்றின என்னும் கேள்வி அவர் மனத்தில் வேரூன்றியது. அதற்கு விடை தேட, 1848ஆம் ஆண்டு நண்பர்கள் இருவரும் தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளுக்குப் புறப்பட்டனர். அவர்களிடம் செல்வம் இல்லை. சேகரித்த உயிரினங்களை லண்டனில் உள்ள முகவர் மூலம் விற்று, அந்தப் பணத்தில்தான் பயணத்தைத் தொடர வேண்டும்.

அமேசானில் வாலஸ் நான்கு ஆண்டுகள் உழைத்தார். அவருக்குத் துணையாக வந்த தம்பி ஹெர்பர்ட் அங்கேயே மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானார். 1852ஆம் ஆண்டு வாலஸ் நாடு திரும்பினார். அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே அவர் வந்த கப்பலில் தீப்பற்றியது. பயணிகளும் மாலுமிகளும் சிறு படகுகளில் தப்பினர். பத்து நாட்கள் வெயிலிலும் தாகத்திலும் வாடிய பிறகே வேறொரு கப்பல் அவர்களைக் காப்பாற்றியது. வாலஸ் தம்முடன் எடுத்து வந்த சேகரிப்பு கடலோடு போயிற்று. சில ஓவியங்களும் குறிப்புகளும் மட்டுமே எஞ்சின. அவருடைய முகவரான சாமுவேல் ஸ்டீவன்ஸ் முன்யோசனையோடு எடுத்திருந்த காப்புறுதியால் ஓரளவு பணம் கிடைத்தது. ஆனால், அந்தப் பூச்சிகளையும் பறவைகளையும் எந்தப் பணத்தாலும் திரும்பப் பெற முடியாது.

இந்த இழப்பு வாலஸை முடக்கவில்லை. ஊர் திரும்பிய சில மாதங்களிலேயே அமேசான் குரங்குகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை படைத்தார். அமேசானின் பெரிய ஆறுகள் குரங்கு இனங்களுக்கு எல்லைகளாக அமைந்துள்ளன என்பதை அதில் எடுத்துக்காட்டினார். ஆற்றின் ஒரு கரையில் வாழும் இனம் மறுகரையில் காணப்படுவதில்லை. ஆனால், அக்காலச் சேகரிப்பாளர்கள் பலர் பிரேசில் என்றோ தென் அமெரிக்கா என்றோ பொதுவாக எழுதிவிடுவார்கள். எந்தக் கரை என்று யாரும் குறிப்பதில்லை. இது பெருங்குறை என்பதை வாலஸ் உணர்ந்தார். ஓர் உயிரினத்தின் பெயரை அறிவது பாதி வேலை; அது வாழும் இடத்தைச் சரியாகக் குறிப்பதே மீதி வேலை என்பதில் அவர் தெளிவாக இருந்தார். நில அளவையாளராக இருந்த காலத்தில் பெற்ற பழக்கம் இப்போது அறிவியலுக்குப் பயன்படத் தொடங்கியது.

1854ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வாலஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். சார்லஸ் ஆலன் என்னும் சிறுவரையும் உதவிக்கு அழைத்து வந்திருந்தார். புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரின் இல்லத்தில் அவர்கள் தங்கினர். அக்காலத்தில் புக்கிட் தீமா அடர்ந்த காடாக இருந்தது. புலிகள் நடமாடின. அவற்றைப் பிடிப்பதற்காக ஆங்காங்கே ஆழமான குழிகளை வெட்டி, மேலே இலைதழைகளைப் பரப்பி வைத்திருந்தனர். கால் தவறினால் மனிதரும் அதில் விழ வேண்டியதுதான். வாலஸ் வலையும் கையுமாக அந்தக் காட்டில் நாள்தோறும் நடந்தார். சீன மரவெட்டிகள் வெட்டிச் சாய்த்த மரங்களில் வண்டுகள் மொய்த்தன. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 700 வகை வண்டுகள் அவருக்குக் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரு சதுர மைலுக்கு மிகாத காட்டுப்பகுதியில் கிடைத்தவை.

அங்கிருந்து அவர் மலாக்காவுக்குச் சென்றார். ஓஃபிர் மலை என்று அன்று அழைக்கப்பட்ட குனோங் லேடாங்கிலும் ஏறினார். ஆண்டின் இறுதியில் சரவாக்கை அடைந்தார். சிமுன்ஜான் என்னும் இடத்தில் நிலக்கரிச் சுரங்கத்திற்காகக் காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கு வேலை செய்த டயாக் மக்களும் சீனத் தொழிலாளர்களும் கொண்டுவந்து தரும் ஒவ்வொரு பூச்சிக்கும் வாலஸ் ஒரு காசு கொடுத்தார். இப்படிப் பலருடைய கைகள் சேர்ந்தே அவருடைய சேகரிப்பு வளர்ந்தது. சரவாக்கில் அவரிடம் சேர்ந்த அலி என்னும் மலாய் இளைஞர் பின்னாளில் அவருடைய தலைமை உதவியாளரானார். பறவைகளைச் சுடுவதிலும் அவற்றின் தோலைப் பதப்படுத்துவதிலும் தேர்ச்சி பெற்ற அலி, வாலஸ் நோயுற்ற காலங்களில் அருகிலிருந்து கவனித்துக்கொண்டார்.

ஒரு பூச்சியைப் பிடிப்பதோடு வேலை முடிந்துவிடாது. பெரிய பூச்சியாக இருந்தால் ஊசியில் குத்த வேண்டும். சிறியதாக இருந்தால் அட்டையில் ஒட்ட வேண்டும். பிறகு அதை உலர்த்த வேண்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டில் பூஞ்சணம் உடனே படர்ந்துவிடும். அதற்கும் தப்பினால் எறும்பு வந்துவிடும். லொம்போக் தீவில் அவர் தங்கிய வீட்டில் எறும்புகள் எங்கும் நிறைந்திருந்தன. எனவே, பழைய பலகை ஒன்றை இரவல் வாங்கி, அதன் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய தேங்காய்ச் சிரட்டைகளில் நிறுத்தினார். அந்தப் பலகைமேல் வைத்த பறவைத் தோல்களே பெரும்பாலும் தப்பின. நம் வீடுகளில் உணவு அலமாரியின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பதும் இதே முறைதான்.

உலர்ந்த உயிரினங்களோடு இடத்தைக் குறிக்கும் சீட்டும் சேர்ந்தது. சீட்டு மிகச் சிறியது. அதில் ஊரின் பெயர் சுருக்கமாக எழுதப்பட்டிருக்கும். எறும்பின் அழகைக் கண்டு பணம் கொடுப்பவர் குறைவு. வண்ணத்துப்பூச்சியையும் சொர்க்கப் பறவையையும் விரும்பி வாங்கும் செல்வர்கள் எறும்பை நாடுவதில்லை. ஆயினும், எறும்பு எந்த மண்ணில் வாழ்ந்தது என்பதையும் வாலஸ் கவனத்தோடு பதிவுசெய்தார். பெட்டிகள் சிங்கப்பூர் வழியாகக் கப்பலேறி, பல வாரங்கள் பயணம் செய்து லண்டனில் உள்ள ஸ்டீவன்ஸை அடைந்தன. எறும்பு, தேனீ, குளவி போன்றவற்றை வில்லியம் வில்சன் சாண்டர்ஸ் என்னும் பூச்சியியல் ஆர்வலர் வாங்கிக்கொண்டார். அவற்றை ஆராய்ந்து பெயரிடும் பொறுப்பு பிரெடரிக் ஸ்மித் என்பவரிடம் வந்தது.

ஸ்மித் முதலில் உலோகத் தகட்டில் படம் செதுக்கும் தொழிலைச் செய்தவர். பின்னர் பூச்சிகளின்மேல் கொண்ட ஈடுபாட்டால் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தில் பணியாற்றினார். நுட்பமான கோடுகளைக் கவனித்துப் பழகிய அவருடைய கண்கள், இப்போது எறும்பின் உடலைக் கவனித்தன.

எறும்பை எப்படி இனங்காண்பது? நாமும் நம் வழக்கில் எறும்புகளுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். சிறியது சிற்றெறும்பு, சிவந்தது செவ்வெறும்பு, பெரியதாய்க் கறுத்திருப்பது கட்டெறும்பு, கடிக்காமல் ஓடும் கறுப்பு எறும்பு பிள்ளையார் எறும்பு. அளவு, நிறம், குணம் ஆகியவற்றைக் கொண்டு பிரிக்கும் முறை இது. அறிவியல் இன்னும் நுணுகிப் பார்க்கிறது. எறும்பின் மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே மெல்லிய இடுப்பு உண்டு. அந்த இடுப்பில் ஒரு கணு இருக்கிறதா, இரண்டு கணுக்கள் இருக்கின்றனவா? உணர்கொம்பில் எத்தனை துண்டுகள் உள்ளன? முதுகில் முள் உண்டா? தாடை நீண்டதா, குட்டையா? கொடுக்கு உண்டா, இல்லையா? இவற்றைப் பொறுத்தே எறும்பு எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பது முடிவாகும்.

இவ்வாறு முடிவான பின், எறும்புக்கு இரண்டு சொற்களால் ஆன பெயர் சூட்டப்படும். ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் நிலைநாட்டிய முறை இது. முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். அது குடும்பப் பெயர் போன்றது. இரண்டாம் சொல் சிற்றினத்தைக் குறிக்கும். அது ஒருவருக்குரிய சொந்தப் பெயர் போன்றது. எந்த எறும்பைப் பார்த்துப் பெயர் வைக்கப்பட்டதோ, அந்த எறும்பே மூலமாதிரி ஆகும். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால், அறிஞர்கள் அந்த மூலமாதிரியிடமே திரும்பிச் செல்வார்கள்.

1857ஆம் ஆண்டு ஸ்மித்தின் பட்டியல் ஒன்று லின்னேயன் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. சரவாக், ஓஃபிர் மலை, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் வாலஸ் சேகரித்த எறும்பு, தேனீ, குளவி முதலியவற்றின் பட்டியல் அது. அதுவரை அறிவியல் அறியாத எறும்புகள் பல அதில் பெயர் பெற்றன. உடலில் முடி அடர்ந்த ஒரு கறுப்பு எறும்புக்கு எக்கினோப்லா மெலனார்க்டோஸ் என்று ஸ்மித் பெயரிட்டார். அதன் இரண்டாம் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் கருங்கரடி என்பது பொருள். விரல் நுனியில் அடங்கிவிடும் எறும்புக்குக் கரடியின் பெயர் கிடைத்தது.

1860ஆம் ஆண்டு வெளிவந்த பட்டியலில், வாலஸ் மலுக்குத் தீவுகளிலும் டோரேயிலும் சேகரித்தவை இடம்பெற்றன. குடிசையில் அவரைத் தூங்கவிடாத டோரே மண்ணின் எறும்புகளுக்கும் அறிவியல் ஏட்டில் இடம் கிடைத்தது. நாம் நன்கறிந்த ஓர் எறும்பின் கதையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மா, ரம்புத்தான் போன்ற மரங்களில் இலைகளைச் சேர்த்துப் பந்துபோல் கூடு கட்டும் செந்நிற எறும்பை நாம் பார்த்திருப்போம். தமிழில் அது முயிறு அல்லது முசுறு. மலாய் மொழியில் கெரெங்கா. வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இலைகளை இழுத்துப் பிடிக்கும். வேறு சில எறும்புகள் தம் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு, அவை சுரக்கும் பட்டு நூலால் இலைகளைத் தைக்கும்.

1775ஆம் ஆண்டிலேயே ஃபேப்ரிசியஸ் என்னும் அறிஞர் இந்த எறும்புக்குப் பெயரிட்டிருந்தார். ஆனால், பல்வேறு எறும்புகளோடு சேர்த்து ஃபார்மிக்கா என்னும் பேரினத்தில் அதை வைத்திருந்தார். அது தனிப் பேரினமாகத் தகுதி பெற்றது என்பதை 1860ஆம் ஆண்டுப் பட்டியலில் ஸ்மித் காட்டினார். அதற்கு ஈகோஃபில்லா என்று பெயர் சூட்டினார். இலைவீடு என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொற்களால் ஆன பெயர் அது. உலகெங்கும் அறிவியலாளர்கள் இன்றும் அந்தப் பெயரையே வழங்குகிறார்கள்.

எல்லாப் பெயர்களும் அப்படி நிலைக்கவில்லை. 1857ஆம் ஆண்டுப் பட்டியலில் ஸ்மித் ஃபிசாட்டா என்னும் புதிய பேரினத்தை உருவாக்கி, அதன் ஓர் எறும்புக்கு ஒற்றைத் திமில் ஒட்டகத்தின் பெயரை இட்டார். ஆனால், அதே பேரினத்திற்கு மிர்மிக்காரியா என்று 1842ஆம் ஆண்டிலேயே பெயர் சூட்டப்பட்டிருந்தது. அப்பெயரைச் சூட்டியவர் வேறு யாருமல்லர்; எறும்புகளை வாங்கி வைத்திருந்த சாண்டர்ஸ்தான்! முந்திய பெயரே நிலைக்க வேண்டும் என்பது விதி. எனவே, பிற்கால அறிஞர்கள் ஸ்மித்தின் பேரினப் பெயரை விலக்கிவிட்டார்கள். வகைப்படுத்துதல் என்பது ஒரு முறை எழுதி முடித்துவிடும் வேலை அன்று. திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் வேலை.

இதற்கிடையில், வாலஸ் சேகரித்த உயிரினங்களும் அவற்றின் இடக்குறிப்புகளும் அவர் மனத்தில் பெரிய எண்ணங்களை எழுப்பின. 1855ஆம் ஆண்டு சரவாக்கில் இருந்தபோது, புதிய இனம் ஒவ்வொன்றும் தனக்கு நெருங்கிய உறவுடைய பழைய இனம் வாழ்ந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகிறது என்று எழுதினார். அடுத்த ஆண்டு பாலியிலிருந்து லொம்போக்கிற்குச் சென்றார். இரண்டுக்கும் இடையே குறுகிய நீரிணையே உண்டு. ஆனால், பாலியில் ஆசியப் பறவைகளைக் கண்டவர், லொம்போக்கில் ஆஸ்திரேலியப் பகுதிக்குரிய பறவைகளைக் கண்டார். அந்த எல்லைக்கோடு இன்று வாலஸ் கோடு என்று அழைக்கப்படுகிறது. ஒவ்வோர் உயிரினமும் கிடைத்த ஊரை அவர் குறித்து வைக்காமல் இருந்திருந்தால், இந்தக் கோட்டை வரைந்திருக்க முடியாது.

1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மலுக்குத் தீவுகளில் காய்ச்சலில் படுத்திருந்தபோது மற்றோர் எண்ணம் அவருக்குப் பளிச்சிட்டது. ஒரே இனத்தைச் சேர்ந்த உயிர்களிடையேயும் சிறு சிறு வேறுபாடுகள் உண்டு என்பதை ஆயிரக்கணக்கான உயிரினங்களைக் கையாண்ட அவர் அறிந்திருந்தார். சூழலுக்குப் பொருத்தமான வேறுபாடு உடையவை பிழைக்கின்றன; மற்றவை மடிகின்றன. தலைமுறை தலைமுறையாக இது தொடரும்போது புதிய இனம் உருவாகிறது. இதனைக் கட்டுரையாக எழுதி டார்வினுக்கு அனுப்பினார். டார்வினும் இருபது ஆண்டுகளாக அதே கருத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். இருவருடைய எழுத்துகளும் ஒன்றாக வாசிக்கப்பட்ட கூட்டம்தான் ஜூலை முதல் நாள் நடந்தது. முந்திய ஆண்டு சிங்கப்பூர், மலாக்கா எறும்புகளின் பட்டியலை அச்சிட்ட அதே ஆய்விதழ், அந்த எழுத்துகளையும் அச்சிட்டது.

வாலஸ் 1862ஆம் ஆண்டு இங்கிலாந்து திரும்பினார். எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 22,500 கிலோமீட்டர் பயணம் செய்து, 1,25,660 உயிரின மாதிரிகளைச் சேகரித்திருந்தார். அவற்றுள் 83,200 வண்டுகள். எறும்பு உள்ளிட்ட மற்றப் பூச்சிகள் 13,400. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதற்கு அவருடைய உழைப்பே சான்று. 1869ஆம் ஆண்டு மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய தம் நூலை வெளியிட்டு, அதை டார்வினுக்குக் காணிக்கையாக்கினார். நிலையான வேலை இல்லாததால் பிற்காலத்தில் பணமுடை அவரை வாட்டியது. டார்வின் உள்ளிட்டோர் முயன்று, அரசாங்க உதவித்தொகை கிடைக்கச் செய்தனர். 1913ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், தமது 90ஆவது வயதில் வாலஸ் காலமானார்.

அவர் சேகரித்த எறும்புகளின் பயணம் அதற்குப் பிறகும் முடியவில்லை. சாண்டர்ஸ் வைத்திருந்த எறும்புகள் 1873ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் அரும்பொருளகத்தை அடைந்திருந்தன. ஸ்மித் எழுதிய வருணனைகள் சுருக்கமானவை. அவற்றைப் படித்து மட்டும் எறும்பை இனங்காண்பது பின்வந்தவர்களுக்குக் கடினமாக இருந்தது. எனவே, 1932ஆம் ஆண்டு டானிஸ்தார்ப் என்னும் எறும்பு வல்லுநர் அந்த மூலமாதிரிகளை மீண்டும் ஆராய்ந்து, எது எந்த இனம் என்பதைத் தெளிவுபடுத்தி எழுதினார். ஏறத்தாழ 75 ஆண்டுகளுக்குமுன் நம் காடுகளில் பிடிபட்ட எறும்புகள் அப்போதும் ஐயங்களைத் தீர்த்துவைத்தன.

உயிரினம் ஒவ்வொன்றும் பூமியின் வரலாற்று நூலில் ஓர் எழுத்தைப் போன்றது என்பது வாலஸின் எண்ணம். எழுத்துகள் அழிந்தால் நூலைப் படிக்க முடியாது. காடுகள் அழிவதற்குள் இயன்றவரை உயிரினங்களைச் சேகரித்துப் பாதுகாக்க வேண்டும் என்று 1863ஆம் ஆண்டிலேயே அவர் வலியுறுத்தினார். அவர் நடந்த சிங்கப்பூர்க் காடுகளில் பெரும்பகுதி இன்று இல்லை. ஆனால், புக்கிட் தீமாவில் சுமார் 163 ஹெக்டேர் நிலம் இயற்கைக் காப்பகமாகப் பாதுகாக்கப்படுகிறது. அதன் அருகே வாலஸின் பெயரைத் தாங்கிய நடைபாதையும் உண்டு. அவ்வழியே நடப்பவர்கள் சற்று நின்று பார்த்தால், ஏதேனும் ஒரு மரக்கிளையில் முயிறுகள் இலைகளை இழுத்துத் தைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். அவற்றின் இலைவீடு அன்று போலவே இன்றும் உருவாகிக்கொண்டிருக்கிறது.